பழுதாகட்டும் என்னும் அனுமதி

பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள அடுகோடி, யந்திரத் தொழிலை அறிந்தோர்க்குப் பழகிய பெயராகும். மக்கள் "மைக்கோ" என்று வழங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் தோன்றி, இவ்விடத்தில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் எஞ்சினுக்குரிய எரிபொருள் பம்புகளையும் உற்பத்தி செய்தது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறிற்று. 2022-இல் அதே வளாகம் மின்னணு, மென்பொருள் ஆராய்ச்சிக்கெனப் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. எரிபொருள் பம்பில் உருளைக்கும் அதனுள் இயங்கும் தண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. அங்குத் தவறுக்கு இடமில்லை.

இத்தகைய நுட்பத் தொழிலுக்கு ஆட்களை உருவாக்க வேண்டிய பள்ளியிலும் தவறுக்கு இடமிருத்தலாகாது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்தே விஞ்ஞான அறையின் அலமாரிக்குப் பூட்டாக அமைந்துவிட்டது. பழைய ரேடியோவைப் பிரிப்பதும், கெட்டுப்போன விசிறியின் மோட்டாரைக் கொண்டு வேறொன்று செய்வதும், மின்தடைகளையும் டிரான்சிஸ்டர்களையும் பற்றவைத்துச் சிறு கருவிகள் அமைப்பதும் வீண் பொழுதுபோக்கு என்றும், சாமான்களைப் பாழாக்கும் வழி என்றும் கூறுவோர் இன்றும் உளர். அவர்களுடைய கவலை முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் அவர்கள் முடிவு தவறானது.

இப்பொழுதுபோக்கு நம் நாட்டிற்குப் புதிதுமன்று. வானொலியை அரசாங்கம் ஏற்று நடத்துவதற்கு முன்னரே ஆர்வலர்கள் அதைக் கையாண்டனர். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றி, 40 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-இல் அது நின்றது. கருவி சென்னை நகராட்சியின் கைக்குச் சென்று, 1930-இல் மீண்டும் ஒலிக்கத் தொடங்கிற்று. மைசூரில் 1935-இல் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் அமைத்து அதற்கு "ஆகாசவாணி" என்னும் பெயர் வழங்கச் செய்த எம். வி. கோபாலசாமி, பொறியியலார் அல்லர், மனோதத்துவப் பேராசிரியர். அப்பெயரையே பின்னர் நாடு முழுவதும் உள்ள வானொலி ஏற்றுக்கொண்டது. அக்காலத்து இளைஞர்கள் கேட்டு மகிழ்ந்த படிக ரேடியோவில் இருந்த கலீனா என்னும் ஈயத் தாதுவை மின்னலைகளை அறியும் உறுப்பாகப் பயன்படுத்தி, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீச சந்திர போஸ். அந்த ரேடியோவுக்கு மின்கலமும் தேவையில்லை.

கையால் செய்து பார்ப்பதில் கிடைக்கும் அறிவு எத்தகையது என்பதற்கு அடுகோடியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இங்கு உள்ளது. 1923-இல் பெங்களூரில் தொடங்கி 1955-இல் கர்னாலுக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. (1927-இல் காந்தியடிகள் தமது 57-ஆம் வயதில் மாணவராக வந்து கால்நடைப் பராமரிப்பைப் பயின்றதும் இந்நிறுவனத்திலேயே.) பாலின் கொழுப்பை அளக்கும் மின் கருவிகளில் ஒரு வகை, பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும் தன்மையை அடிப்படையாகக் கொண்டது. கிராமப் பால் சேகரிப்பு நிலையங்களுக்குச் செல்லும் களப் பணியாளர் பலர் அதைக் கண்டிருப்பர். மூடியைத் திறந்து பார்த்தவர் சிலரே.

இக்கருவியின் தத்துவத்தை ஒரு மாணவன் எளிதில் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு பக்கம் சிறு எல்.இ.டி. விளக்கு, எதிர்ப்பக்கம் எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணர் மின்தடை, அதை அளக்க ஒரு மல்டிமீட்டர்; இவை போதும். வெளி வெளிச்சம் படாதவாறு எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, தம்ளரிலுள்ள தண்ணீரில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டுக்கும் மின்தடை ஏறுவதைக் காணலாம். பால் அளக்கும் கருவியைத் தானே செய்துவிட்டதாக மாணவன் மகிழ்வான். அடுத்து அவனிடம் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுக்க வேண்டும். கொழுப்பு அநேகமாக இல்லாத அந்தப் பாலுக்கும் மின்தடை ஏறும்! பாலை வெண்மையாக்குவது கொழுப்பு மட்டுமன்று, கேசீன் என்னும் புரதமும் ஒளியைச் சிதறடிக்கிறது என்பதை அவன் அறியும் தருணம் அதுவே. உண்மைக் கருவியில் ரசாயனக் கரைசல் கொண்டு முதலில் கேசீனைக் கரைத்து, கொழுப்புத் துளிகளையும் ஒரே சீராகச் சிறிதாக்கிய பின்னரே ஒளியைச் செலுத்துவதன் காரணம் அப்போதுதான் அவனுக்குப் புலனாகும். பாடநூலில் ஒரு வரியில் படித்து மறந்திருக்கக்கூடிய செய்தியைத் தன் கருவி பொய் சொன்னதனால் அவன் கற்றான்.

இந்தத் தோல்விக்கு இடமளிப்பதே பள்ளியின் கடமை. 2016-இல் நிதி ஆயோக்கின் வாயிலாகத் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டத்தில், தேர்வு பெறும் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கென 10,000 ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத் தக்கதே. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நுழையும் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. தணிக்கையின்போது அது குறைந்தாலோ கருகியிருந்தாலோ விளக்கம் கூற வேண்டியவர் ஆசிரியர். தம் சம்பளத்தில் பிடித்தம் நேருமோ என்று அஞ்சும் ஆசிரியர் முப்பரிமாண அச்சு யந்திரத்தை உறையிட்டு மூடி, பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திறந்து காட்டினால், அவரைக் குறை கூறுவது நியாயமாகாது. பதிவேட்டின் விதியைத்தான் குறை கூற வேண்டும்.

மின்தடை, எல்.இ.டி., கம்பி, பற்றவைக்கும் ஈயம், சிறு மோட்டார், மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஆகிய யாவும் சுண்ணக்கட்டியைப் போலத் தீர்ந்துபோகும் பொருள்களாகவே எழுதப்பட வேண்டும். எத்தனை கருகின என்று கேட்பதை விடுத்து, ஏன் கருகின என்று மாணவன் குறிப்பேட்டில் எழுதியுள்ளானா என்று ஆய்வாளர் கேட்கலாம். அளவையும் குறிப்பும் இல்லாத பொழுதுபோக்கு வெறும் விளையாட்டே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயத்தப் பெட்டியில் வரும் துண்டுகளைப் படத்தில் கண்டவாறு இணைத்துச் சக்கர வண்டியை ஓட்டுவதில் மாணவன் கற்பது சொற்பம். முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டரே. ரோபோ பெட்டி பின்னர் வரட்டும்.

அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கையும் தேவை. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டில் மாணவர் கை வைக்கலாகாது. 9 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்கலங்களே போதும். பழைய தொலைக்காட்சியின் படக்குழாயும் பெரிய மின்தேக்கிகளும் இணைப்பை எடுத்த பின்னரும் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும். கைப்பேசியின் லித்தியம் மின்கலத்தைத் துளைத்தால் தீப்பற்றும். இவற்றை ஒதுக்கிவிட்டாலும் பிரித்துப் பார்க்கப் பழைய கடிகாரம், கால்குலேட்டர், மின்கல ரேடியோ எனப் பொருளுக்குப் பஞ்சமில்லை.

பெங்களூர் ஆசிரியர்க்குச் சாதர் பத்ரப்பா சாலைக் கடைகள் எட்டும் தூரத்தில் உள்ளன; எந்த உறுப்பையும் அங்குத் தேடிப் பெறலாம். சிற்றூர் ஆசிரியர்க்கு அவ்வசதி இல்லை. அவர் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் சென்று கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டுப் பெறுவார். சில்லறையாக வாங்கும் இரண்டு ரூபாய்ப் பொருளுக்கு ரசீதும் கிடைக்காது. அத்தகைய செலவுக்கு ஆசிரியரின் கையெழுத்தே போதுமென்று மாவட்டக் கல்வி அலுவலகம் ஒரு சிறு தொகையை ஒதுக்குமானால், அடுத்த பருவத்திலேயே அலமாரிகள் திறக்கும்.