‘நம்பகமானது’ என்ற சொல்லும் ஒரு சிறிய கப்பியும்

வேகக் கார்களுக்கான உதிரிப் பாகங்களைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி சொல்வது: சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறிதாக்கினால் போதும், நம்பகத்தன்மை குறையாமலே ஆற்றல் கூடும். மொழியியல் ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு உறுத்துவது ‘நம்பகமானது’ என்ற பயனிலைதான். ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘யாருக்கு, எதற்கு’ என்று நான்காம் வேற்றுமையைத் தேடுகிறோம். ‘நம்பகமானது’ என்பதும் அத்தகைய சொல்லே. எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்தப் பராமரிப்புடன் என்று சொல்லாதவரை அது இலக்கணப்படி முழுமையான வாக்கியம். பொருள்படி அரைகுறை வாக்கியம்.

பணிமனைகளில் ‘புல்லி’ என்றும் பாடநூல்களில் ‘கப்பி’ என்றும் வழங்கும் இந்தச் சிறு உருளை செய்யும் வேலை எளிது. எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட் இதைச் சுழற்ற, சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் இரு சுழலிகள் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. ஈட்டன் நிறுவனத்தின் எம்45 வகை, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றைத் தள்ளும். கப்பியின் விட்டத்தைக் குறைத்தால் அதே எஞ்சின் வேகத்தில் சுழலிகள் கூடுதலாகச் சுற்றும், காற்றும் கூடும். இங்கேயே ஒரு சொல் மயக்கம் இருக்கிறது. ‘15 சதவீதக் கப்பி’ என்றால் விட்டம் 15 சதவீதம் குறைவு என்று பொருள். வேகமோ 17.6 சதவீதம் உயர்கிறது. முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இருந்தபோது சூப்பர்சார்ஜர் எட்டிய வேகத்தை, இப்போது 5,100 சுற்றிலேயே எட்டிவிடும்.

எம்45 பொருத்தப்பட்டு வந்த கார்களுள் பெயர்பெற்றது, ஆர்53 என்ற குறியீட்டால் அறியப்படும் முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ். 1.6 லிட்டர் எஞ்சின். தொடக்கத்தில் 163 குதிரைத்திறன். அதன் உரிமையாளர்களிடையே 15 சதவீதக் கப்பி மிகப் பரவலான மாற்றம். விலை குறைவு, பலன் உடனடி. மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலன் தெரியும். செலவு எங்கே விழுகிறது என்பது அப்படித் தெரிவதில்லை.

முதலில் வெப்பம். காற்றை அதிகமாக அழுத்தினால் அது அதிகமாகச் சூடாகும். அதைத் தணிக்கும் இன்டர்கூலரின் அளவோ மாறுவதில்லை. சூடான காற்று ‘நாக்கிங்’ என்னும் தட்டலைத் தூண்டும். தட்டலை உணர்ந்த கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும். கூட்டிய ஆற்றலில் ஒரு பகுதி அங்கேயே கரையும். அடுத்தது பெல்ட். சிறிய கப்பியில் அது பற்றும் பரப்பு குறைவு. இழுக்க வேண்டிய சுமையோ கூடுதல். வழுக்கும் வாய்ப்பு வளர்கிறது.

மூன்றாவதுதான் என் கவனத்தை ஈர்த்தது. இந்தக் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், சூப்பர்சார்ஜரின் பின்முனையில் உள்ள பல்சக்கரங்களால் இயங்குகிறது. அந்தப் பல்சக்கரங்களுக்கென்று தனியே சிறிதளவு எண்ணெய் உண்டு. பல ஆண்டுகளில் அது குறைந்தாலோ கெட்டாலோ பல்சக்கரங்கள் தேய்ந்து பம்ப் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். கப்பியை மாற்றியவர் காற்றைப் பற்றி மட்டுமே நினைத்திருப்பார்; பம்பும் அதன் பல்சக்கரங்களும் சேர்ந்தே 17.6 சதவீதம் வேகமாகச் சுழல்கின்றன. நிதானமாக ஓட்டுபவருக்கும் இதில் விலக்கு இல்லை. மெதுவாகச் செல்லும்போது மாற்றுவழி அடைப்பிதழ் திறந்து காற்றழுத்தத்தை விடுவிக்கும். சுழலிகளின் வேகத்தை அது குறைப்பதில்லை. கூடுதல் ஆற்றலை என்றாவது ஒருநாள் பயன்படுத்துபவரும் அதற்கான தேய்மானத்தை நாள்தோறும் செலுத்துகிறார்.

ஒரு மொழியில் ஓர் உயிரொலி இடம்பெயர்ந்தால் அண்டையில் உள்ள உயிரொலிகளும் நகரக்கூடும் என்பதை ஒலியியல் மாணவர்கள் அறிவார்கள். பொறியாளர்களும் இதை அறிந்தே இருக்கிறார்கள். இதே காருக்கு ஜான் கூப்பர் வொர்க்ஸ் அளித்த 200 குதிரைத்திறன் தொகுப்பில் மாறியது கப்பி மட்டும் அன்று. சூப்பர்சார்ஜர், சிலிண்டர் தலைப்பகுதி, புகைபோக்கி அமைப்பு, கணினி நிரல் ஆகியவை சேர்ந்தே மாறின.

‘என் காரில் பத்தாண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். அந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பேசுபவர் கார் ஓடிக்கொண்டிருப்பவர். எஞ்சின் கெட்டு விற்றுவிட்டவர் அந்த உரையாடலை விட்டுப் போய்விட்டார். எதிர்த்தரப்புக்கும் இதே கண்டிப்பு பொருந்தும். கப்பியே மாற்றாத பழைய கார்களிலும் இந்தப் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. ஆகவே கப்பி மாற்றிய கார் ஒன்று பழுதானதும் பழியைக் கப்பியின் மீதே போடுவதும் ஆய்வு ஆகாது. கப்பி செய்வது, ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு இடைவெளியைக் குறைப்பது. அந்த இடைவெளி எவ்வளவு மிச்சம் என்பது காரின் வயதையும் பராமரிப்பையும் பொறுத்தது.

இந்தச் சொல்லாராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்? 2006-க்குப் பின் இந்த வகைக் கார் உற்பத்தியில் இல்லை. இன்று அவற்றை வாங்குபவர் மூன்றாம், நான்காம் உரிமையாளர். பெரும்பாலும் குறைந்த பணத்தில் ஆசைப்பட்ட காரை வாங்கும் இளையவர். முதல் உரிமையாளர் அனுபவித்த வேகத்துக்கான மீதிக் கணக்கு இவர் கையில் வந்து சேர்கிறது. ‘கப்பி மாற்றியது, நம்பகமானது’ என்ற ஒற்றை வரியை நம்பி வாங்குபவருக்கு அந்த வரியில் விடுபட்டவைதான் முக்கியம்: எப்போது மாற்றப்பட்டது, அதன்பின் சூப்பர்சார்ஜரின் எண்ணெய் மாற்றப்பட்டதா, பெல்ட்டின் நிலை என்ன, கணினி நிரல் அதற்கேற்பத் திருத்தப்பட்டதா?

கப்பியைச் சிறிதாக்குவது குற்றமன்று. அதன் விலையைச் சொல்லாமல் விற்பதே குற்றம். ஆய்வேட்டில் வரம்புகளைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதினால் தேர்வாளர் திருப்பி அனுப்புவார். பணம் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றிய கூற்றுக்கு அதைவிடத் தளர்வான அளவுகோலை நாம் ஏன் ஏற்கவேண்டும்? இனி எவரேனும் ‘நம்பகமானது’ என்றால், ‘எதற்கு, எவ்வளவு காலத்துக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள்.