திண்டுக்கல் பூட்டும் 'அட்மின்' சாவியும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கைப்பிடி காயை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே, எட்டு மில்லியா ஏழு மில்லியா என்று சொல்லிவிடுவார். பச்சை நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் விலையைக் குறைப்பார். கிடங்குக்கு இரும்புக் கதவு, அதில் திண்டுக்கல் பூட்டு, வாசலில் கேமரா, ராத்திரிக்கு வாட்ச்மேன். 2019 ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில் கிலோ 7 ஆயிரம் ரூபாய் வரை போன சரக்கு ஆயிற்றே... பூட்டாமல் விடுவார்களா?

இவ்வளவு உஷாரான மனிதர், ஆபீஸுக்கு இன்டர்நெட் ரவுட்டர் வாங்கும்போது மட்டும் என்ன செய்கிறார்? "ஆன்டெனா ஜாஸ்தி உள்ளதா, விலை கம்மியா ஒண்ணு குடுப்பா" என்கிறார். கடைக்காரரும் கொடுக்கிறார். மாட்டிவிட வந்த பையன் ஃபோன் நம்பரையே வை-ஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போகிறான். ரவுட்டருக்கு உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் மாற்றக்கூடிய அசல் சாவி ஒன்று இருக்கிறதே... அது கம்பெனி கொடுத்தபடி 'அட்மின்', 'அட்மின்' என்றே கிடக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று பையனும் சொல்லவில்லை, முதலாளியும் கேட்கவில்லை.

போடியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே 2007-லேயே ஏலக்காய் ஏலம் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. 2021-ல் நறுமணப் பொருள் வாரியம் போடி, புற்றடி இரண்டு மையங்களையும் இணைத்து, ஒரே ஏலத்தில் இரண்டு பக்கத்து வியாபாரிகளும் கலந்துகொள்ள வழி செய்தது. ஏலம் மையத்திலேயே முடிந்துவிடுகிறது, சரி. அதற்குப் பிறகு? ஜி.எஸ்.டி. பில், ஈ-வே பில், ஆர்.டி.ஜி.எஸ்., வடநாட்டு பார்ட்டிக்கு மெயில், வாட்ஸ்அப்பில் சாம்பிள் படம்... அத்தனையும் ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. கிலோ 2 ஆயிரம் என்று வைத்தாலும் 50 கிலோ மூட்டை ஒன்று ஒரு லட்ச ரூபாய். மூட்டைக்குப் பூட்டு போடுகிறோம். மூட்டைக்கான பணம் வந்து போகும் வாசலைத் திறந்து போட்டிருக்கிறோம்.

"நம்ம சின்ன ஆபீஸ்ல என்ன சார் இருக்கு? எவன் தேடி வரப்போறான்?" என்று கேட்பீர்கள். யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள் என்பது உண்மைதான். தேடுவது மனிதன் இல்லை, மென்பொருள். அதற்குப் போடியும் தெரியாது, பாஸ்டனும் தெரியாது. உலகத்தில் உள்ள இணைப்புகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும். 2016-ல் மிராய் என்ற ஒரு வைரஸ் வந்தது. அதன் கையில் இருந்தது 60 சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள். எல்லாம் கம்பெனிகள் வைத்த, யாரும் மாற்றாத பாஸ்வேர்டுகள். அந்தச் சின்னச் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை ஒருநாள் திணறடித்தது.

அமெரிக்கா தூரம் என்றால் நம் நாட்டுக்கே வாருங்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் கூட்டம் கூட்டமாக முடங்கின. 60 ஆயிரத்துக்கும் மேல் என்று அன்றைக்குச் செய்தி வந்தது. காரணம் அதே மாற்றாத பாஸ்வேர்டு. நிறுவனம் என்ன சொன்னது? 'வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள்.' எப்படி இருக்கிறது நியாயம்? தெருவில் நூறு வீடு கட்டி, நூறுக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டு, திருடு போன பிறகு "பூட்டை ஏன் மாத்தலை?" என்று வீட்டுக்காரரைக் கேட்கிற கதைதான்.

இணைப்பு போனால் ஒருநாள் வியாபாரம் போகும். அதைவிட மோசம், இணைப்பு ஒழுங்காக இருப்பது போலத் தெரிவது. பேங்க் பெயரைத் தட்டினால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விசாரித்து வழிகாட்டும் வேலை ரவுட்டர் வழியாகத்தான் நடக்கிறது. அதில் ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும். நீங்கள் சரியாகத்தான் தட்டுவீர்கள், போய் நிற்பது திருடன் கட்டிய போலி பேங்க். பிரேசிலில் 2011-ல் இப்படி 45 லட்சம் மோடம்கள் திசை திருப்பப்பட்டன. இன்றைக்கு பிரவுசர்கள் 'இந்தத் தளம் சரியில்லை' என்று எச்சரிக்கின்றன, நிஜம். அவசரத்தில் 'பரவாயில்லை, போ' என்று தட்டுவது யார்? நாம்தான்.

போலீஸ் கதை ஒன்றும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷங்கள் முன்னால் ஒரு மிரட்டல் மெயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டில் போய் நின்றது. மெயில் அனுப்பியது அவர் இல்லை. சரியாகப் பூட்டாத அவருடைய வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதை நிரூபிப்பதற்குள் அவர் பட்ட பாடு!

சரி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. இங்கேதான் அசல் வில்லன் வருகிறான். ரவுட்டர் என்பது வெறும் பெட்டி இல்லை, சின்ன கம்ப்யூட்டர். அதன் மென்பொருளில் ஓட்டைகள் தெரிய வரும். கம்பெனி அதை அடைக்க அப்டேட் தர வேண்டும், நாம் போட வேண்டும். லாட்வியா நாட்டு மைக்ரோடிக் கம்பெனி 2018 ஏப்ரலில் ஓர் ஓட்டைக்கு மருந்து கொடுத்தது. பலர் போடவில்லை. ஆகஸ்டில் தொடங்கி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரோடிக் ரவுட்டர்கள் யாரோ ஒருவருக்காகக் கள்ளத்தனமாக கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தன. மருந்து இருந்தும் இந்தக் கதி. மருந்தே கிடைக்காத மாடல் என்றால்? பழைய மாடல்களை கம்பெனிகள் ஒருநாள் கைகழுவிவிடும். "அது பழசு சார், புதுசு வாங்கிக்கோங்க" என்பார்கள். என்றைக்குக் கைகழுவுவார்கள் என்று வாங்கும்போது சொல்வார்களா? மாட்டார்கள்.

இதைத்தான் கேட்கிறேன். பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. இருமல் மருந்தில் இருக்கிறது. நம் நாட்டின் 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி ரவுட்டர் அட்டைப்பெட்டியிலும் விலை போட வேண்டும், தயாரித்தவர் பெயர் போட வேண்டும், மாதம், வருஷம் போட வேண்டும். பிறந்த தேதி இருக்கிறது. எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற தேதி மட்டும் இல்லை!

செய்ய முடியாத காரியமா இது? சிங்கப்பூர் 2020 அக்டோபரிலேயே ரவுட்டர்களுக்குப் பாதுகாப்பு லேபிள் கொண்டுவந்துவிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சுலப பாஸ்வேர்டு வைக்கக் கூடாது, எதுவரை அப்டேட் தருவோம் என்று அறிவிக்க வேண்டும். நம் ஊரில்? தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம் 2021-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பொது பாஸ்வேர்டு கூடாது என்பதுதான் அதன் முதல் வரியே. நல்ல வழிகாட்டுதல்தான், ஆனால் வழிகாட்டுதல் மட்டும்தான். துறையின் சோதனை, சான்றிதழ் ஏற்பாடுகள் இன்னொரு பக்கம். சோதனைச் சாலையில் ஒருநாள் பாஸ் ஆன பெட்டி மூன்று வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

சட்டம் வரும்வரை என்ன செய்ய? முதல் கேள்வி, இந்த மாடலுக்கு எந்த வருஷம் வரை அப்டேட் வரும், அது தானாகவே இறங்குமா? கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதை வாங்காதீர்கள். டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு இருக்க வேண்டும். விருந்தாளிக்கும் கேமராவுக்கும் தனி வை-ஃபை வைக்க வசதி வேண்டும். வாங்கிய அன்றே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியையும், பட்டனைத் தட்டி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ்.-ஐயும் மூடுங்கள். இன்டர்நெட் கம்பெனியே பெட்டி கொடுத்திருந்தால், "இதோட அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு? அப்டேட் யார் போடுவீங்க?" என்று எழுத்தில் கேளுங்கள். ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டாகக்கூட இருக்கலாம்.

'அதெல்லாம் காஸ்ட்லி சார்' என்பவர்களுக்கு ஒரு பி.காம். கணக்கு. 1,500 ரூபாய்க்குப் பதில் 4,000 ரூபாய் ரவுட்டர் வாங்குகிறீர்கள். அதிகம் 2,500. ஐந்து வருஷம் அப்டேட் வருமானால் வருஷத்துக்கு 500, நாளைக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. இந்தக் காசுக்கு போடி பஸ் ஸ்டாண்டில் அரை டீகூடக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. கடையில் இனி ஆன்டெனாவை எண்ணாதீர்கள். "அப்டேட் எந்தத் தேதி வரைக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் கடைக்காரர் முழிப்பார். பத்து பேர் கேட்டால் டீலருக்கு ஃபோன் போடுவார். ஆயிரம் பேர் கேட்டால் டீலர் கம்பெனியை நச்சரிப்பார். காயின் மில்லி தெரியாமல் ஒரு கிலோகூட வாங்காத ஊர் இது. தேதி தெரியாமல் ஒரு பெட்டியும் வாங்கமாட்டோம் என்று சொல்ல இந்த ஊருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?