பல்லின் நிழலும் ஒரு வைத்தியரின் கையும்

பல் போனால் சொல் போகும் என்பது முன்னோர் வாக்கு. ஆயின், பல்லைக் காக்க விரும்புவோர் அதன் வெளிப்புறத்தை மாத்திரம் நோக்கினாற் போதாது. வாயைத் திறந்து கண்ணாடியிற் பார்க்கும்போது நாம் காண்பது பல்லின் முடியை மட்டுமே. வேர் எலும்பினுள் புதைந்து கிடக்கின்றது. ஒரு பல்லும் அயற்பல்லும் நெருங்கித் தொடும் இடமோ வைத்தியரின் கண்ணுக்கும் எளிதில் எட்டாதது. அவ்விடத்திலேதான் சூத்தை பெரும்பாலும் ஓசையின்றித் தொடங்குகின்றது. இவ்வாறு மறைந்திருப்பவற்றைக் காட்டுவது எக்ஸ்-கதிர்ப் படம். பற்சுகாதாரம் பயிலும் மாணவர்க்கு இஃது அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. அவர்முன் நாற்காலியில் அமரும் நாமும், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் இதனைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் றொன்ற்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தது 1895 நொவெம்பர் 8 ஆந் திகதி. செய்தி வெளியாகிய சில வாரங்களுள், 1896 ஜனவரியில், அந்நாட்டவரான ஒற்றோ வாள்கோவ் என்னும் பல் வைத்தியர் தம் வாயிலேயே புகைப்படக் கண்ணாடித் தகடொன்றை வைத்துப் பற்களைப் படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடங்கள் கதிரின் முன் அசையாதிருந்தார். இன்று அவ்வேலை ஒரு விநாடியின் சிறு பின்னத்தில் முடிந்துவிடுகின்றது.

கதிர் பிறக்கும் முறை இது. காற்று நீக்கிய குழாயினுள் சூடேறிய இழையொன்றிலிருந்து இலத்திரன்கள் புறப்படுகின்றன. ஏறத்தாழ 60,000 அல்லது 70,000 வோல்ற்று மின்னழுத்தம் அவற்றை உந்தித் தங்குதன் உலோகத்தில் மோதச் செய்கின்றது. அம்மோதலின் சக்தியில் 100 க்கு 99 பங்கு வெப்பமாகக் கழிய, எஞ்சிய ஒரு பங்களவே எக்ஸ்-கதிராகின்றது.

இக்கதிர் பொருள்களை ஊடுருவும். எனினும் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஊடுருவுவதில்லை. பல்லின் மேலுறையாகிய மிளிரி நம் உடலில் மிகக் கடினமான பொருள். அது கதிரைப் பெரிதும் தடுப்பதாற் படத்தில் வெண்மையாகத் தோன்றும். அதன் உள்ளே உள்ள பன்முதல் சாம்பல் நிறம். நரம்பும் குருதிக்குழாயும் வாழும் நடுக்குழி கருமை. உலோகத்தால் அடைத்த பல் பளிச்சென்ற வெள்ளை. சூத்தை பிடித்த இடத்திற் சுண்ணச் சத்துக் கரைந்துவிடுவதால், வெண்மையின் நடுவே கரிய நிழலாகத் தெரியும். ஆகவே, எக்ஸ்-கதிர்ப் படமென்பது உண்மையில் ஒரு நிழலே.

நிழலின் இயல்பை நாம் அறிவோம். நண்பகலில் நம் நிழல் குறுகிக் காலடியிற் கிடக்கும். மாலையில் நீண்டு வேலிக்கு அப்பாலும் செல்லும். ஆள் மாறவில்லை, ஒளி விழும் கோணமே மாறியது. பற்படமும் அத்தகையதே. குழாய் மிக உயர்ந்து சாய்ந்தாற் பல் குறுகும். மிகத் தாழ்ந்தால் நீளும். பக்கவாட்டிற் கோணம் பிழைத்தால் ஒரு பல்லின் நிழல் அடுத்ததன்மேற் படிந்து, காணவேண்டிய சூத்தையையே மறைத்துவிடும். இக்காரணத்தாலேயே படத்தகட்டைப் பல்லின் நெடுக்கத்துக்கு இணையாகவும், கதிரை அவ்விரண்டுக்கும் செங்குத்தாகவும் அமைக்குமாறு மாணவர்க்குக் கற்பிக்கின்றனர். அமெரிக்கரான ஹவாட் றேப்பர் 1925 இல் அறிமுகஞ் செய்த ‘கடித்துப் பிடிக்கும் படம்’ பற்களின் இடைவெளிச் சூத்தையைக் காண இன்றும் தலைசிறந்த துணை.

நிழலுக்கு எல்லையும் உண்டு. மிளிரியின் சுண்ணச் சத்திற் கணிசமான பங்கு கரைந்த பின்னரே கறுப்புத் தெரியத் தொடங்கும். எனவே நோய், படத்திற் காண்பதைவிடச் சற்று முன்னேறியே இருக்கும். முன்னும் பின்னும் உள்ளவை ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும். வாயை நேரிற் பாராமற் படத்தை மட்டும் பார்த்து முடிவு கூறல் தகாது.

இனி, இக்கலைக்கு மனிதர் கொடுத்த விலையைக் கூறவேண்டும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் வைத்தியர் 1896 இலேயே நோயாளரின் பற்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். கதிர் சரியாக வருகின்றதா என்றறிய, அவர் தம் கையையே குழாயின் முன் நீட்டி, ஒளிரும் திரையில் எலும்புகளைப் பார்ப்பது வழக்கம். நாளும் சிறிது சிறிதாக ஏறிய நஞ்சு புற்றுநோயாக வெளிப்பட்டது. முதலில் விரல்கள், பின்னர் கை, அதன்பின் புயம் எனச் சத்திரசிகிச்சைகள் தொடர்ந்தன. வேதனை தாங்கமாட்டாது 1928 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

எச்சரிக்கை கூறியோர் இல்லாமலில்லை. பொஸ்ரன் நகரின் பல் வைத்தியர் வில்லியம் றொலின்ஸ், கதிர் பட்ட கினிப்பன்றிகள் இறந்ததை 1901 இல் எடுத்துக்காட்டினார். குழாயை ஈயத்தால் மூடுக, வேண்டிய இடத்தில் மட்டும் கதிரைச் செலுத்துக என்றார். கேட்டோர் சிலரே.

இன்று மாணவர் படிக்கும் விதிகளின் பின்னால் இவ்வரலாறு இருக்கின்றது. படம் எடுப்பவர் நோயாளரின் வாயிற் படத்தகட்டைத் தம் கையாற் பிடித்தல் ஒருபோதும் ஆகாது. தடுப்பின் பின்னே நிற்றல் வேண்டும். தடுப்பு இல்லையேல் கதிரின் பாதையை விலகி ஆறடியேனும் அப்பால் நிற்றல் வேண்டும். தூரம் இருமடங்கானாற் கதிரின் வலிமை நான்கிலொன்றாகும் என்பது பௌதிகம் பயில்வோர் அறிந்த கணக்கு.

நோயாளர் அஞ்ச வேண்டியதில்லை. நவீன கருவியால் எடுக்கும் ஒரு சிறு பற்படத்தின் கதிர்வீச்சு, மண்ணிலும் வானிலும் உணவிலுமிருந்து நாம் ஒரு நாளில் இயல்பாகப் பெறும் அளவை ஒத்தது, அல்லது அதனினுங் குறைந்தது. அமெரிக்கப் பல் வைத்திய சங்கம் 2024 இல், ஈய மேலாடையும் கழுத்துப் பட்டியும் பற்படத்துக்கு வழமையாக அணிவிக்க வேண்டியதில்லை என்று அறிவித்தது. கதிரை வேண்டிய அளவுக்கு ஒடுக்கி, தேவையான படத்தை மட்டும் எடுத்தலே மேலான காப்பு என்பது அதன் கருத்து. அச்சங் கொண்டோர் ஈய ஆடையைக் கேட்டுப் பெறுவதிலும் தவறில்லை.

பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. “இப்படம் எதற்காக?” எனப் பணிவுடன் வினவுக. முன்னர் எடுத்த படம் இருப்பின் உடன் கொண்டு செல்க. கருவுற்றிருப்பின் அதனைத் தெரிவிக்க; அவசியமான படத்தை அதனால் ஒத்திப்போட வேண்டுவதில்லை. காரணமின்றி எடுக்கும் படமும் வேண்டாம். காரணமுள்ள படத்துக்கு அச்சமும் வேண்டாம். நம் பிள்ளையின் பல்லைப் படம் எடுக்கும் இளம் மாணவி பொத்தானை அழுத்துமுன் விலகி நிற்கின்றாளெனில், அது நோயாளரிடம் கொண்ட அலட்சியமன்று. நாளொன்றுக்குப் பலருக்குப் படம் எடுப்பவள் அவள். கெல்ஸ் இழந்த கையை அவள் இழக்கலாகாது.