தாய் தாதியாவதற்கு ஒரு கால அட்டவணை

பகலில் வேலை, மாலையில் பிள்ளைகள், இரவில் புத்தகம் என்று பாடுபட்டுத் தாதியான தாய்மாரைப் பாராட்ட நாம் தயங்குவதில்லை. அவர்கள் பாராட்டுக்கு முற்றிலும் தகுதியானவர்களே. ஆனால் அந்தப் பாராட்டோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. ஒரு தொழிலைக் கற்பதற்கு ஒரு பெண் தன் தூக்கத்தையும் உடல்நலத்தையும் அடகு வைக்கவேண்டியிருக்கிறது என்றால், கற்பிக்கும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது. சப்ரகமுவவின் கஹவத்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தாதியாகும் ஆற்றல் உள்ள தாய்மாருக்குப் பஞ்சமில்லை. வேலையை விடாமல், பிள்ளையைக் கைவிடாமல் அவர்கள் கற்கக்கூடிய ஒரு பாடநெறி மட்டும் இல்லை. அதை அரசு அமைக்கவேண்டும், அமைக்கவும் முடியும் என்பதே என் வாதம்.

முதலில் தேவையைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம், ஏறத்தாழ மூன்று பிள்ளைக்கு ஒன்று. இந்த நிலையை மாற்ற மருந்து மட்டும் போதாது. கர்ப்பிணியின் சாப்பாட்டை, இரத்தசோகையை, தாய்ப்பாலை, பிள்ளையின் நிறையை வாரந்தோறும் பேசிப் பார்க்கும் ஆட்கள் தேவை. அந்தப் பேச்சு தமிழில் நடக்கவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் வார்டில் ஒரு தாய் தன் நோவைச் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரரோ கூட வந்த மகளோ மொழிபெயர்க்கவேண்டிய நிலை சப்ரகமுவவில் இன்னும் மறையவில்லை. லயத்து வாழ்க்கையை அறிந்த, தமிழ் பேசும் தாதி ஒருவர் கஹவத்தை ஆதார வைத்தியசாலையில் நிற்பதும் ஒரு சிகிச்சைதான்.

அப்படி ஒருவர் வரும் வழி எது? அரசின் தாதியர் பயிற்சி மூன்று வருட முழுநேரப் படிப்பு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும், வயதெல்லை உண்டு, வர்த்தமானி அறிவித்தலுக்கு விண்ணப்பித்துத் தெரிவாகவேண்டும். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். பாடசாலையை விட்டு நேரே வரும், குடும்பப் பொறுப்பில்லாத பிள்ளைக்கு இது நல்ல வழி. ஆனால் உயர்தர விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கும் 1ஏபி பாடசாலைகள் சப்ரகமுவவில் மிகக் குறைவு. பதினெட்டு வயதில் அந்தப் படியை எட்ட முடியாத பெண், இருபத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு, பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ தனியார் வைத்தியசாலையிலோ தோட்ட வேலையிலோ நிற்கிறாள். அவளுடைய அனுபவத்தையும் பொறுப்புணர்வையும் ஏற்க இந்த வழியில் இடமில்லை.

வேலை செய்துகொண்டே தாதியியல் படிப்பது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பதிவுபெற்ற தாதியர் கடமையில் இருந்துகொண்டே, தொலைக்கல்வி முறையில் படித்துப் பட்டம் பெற வழி பிறந்தது. குடும்பத்தைச் சுமக்கும் வயதில் உள்ளவர்களுக்கென்றே வகுத்தது போன்ற முறை அது. ஆனால் ஏற்கெனவே தாதியானவருக்கே அது உதவியது. முதற் பயிற்சிக்கும் இதே வழி சரிவரும் என்பதை இங்கிலாந்து காட்டியிருக்கிறது. அங்கு 2017 முதல், வைத்தியசாலையில் வேலை செய்யும் உதவியாளர் ஒருவர் சம்பளம் பெற்றுக்கொண்டே தொழில் பழகுநராகத் தாதியியல் பட்டத்தை முடிக்கலாம்.

பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் தோட்டத்திலேயே பழைய பதில் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா என்னும் பிள்ளை பராமரிப்பு இடம் தோட்டத்தில் வந்தது தாயின் கை கொழுந்துக்குத் தேவைப்பட்டதால்தான். அவளுடைய உழைப்பு நிறுவனத்துக்கு வேண்டியபோது பிள்ளைக்கு இடமும் ஆயாவும் கிடைத்தார்கள். அதன் நேரம் இன்றும் பிரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் ஏற்றதாகவே இருக்கிறது, வகுப்புக்கோ இரவுக் கடமைக்கோ ஏற்றதாக இல்லை. அரசின் விதிகளும் இப்படித் தேவைக்கேற்பத்தான் மாறுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல 2013இல் தடை வந்தது. டொலர் வற்றிய 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாக இறங்கியது. அதே ஆண்டு 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்டது. நாட்டுக்குத் தேவை என்று பட்டபோது விதிகள் மாறின. தாய் பிறர் வீட்டைத் துடைக்கப் போவதற்கு மாறிய விதி, அவள் தாதியாவதற்கும் மாறலாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கனமானது நோயாளியின் பாதுகாப்பு பற்றியது. களைத்த கை ஊசி மருந்தின் அளவைத் தவறவிடும் என்கிறார்கள். அது உண்மை. அமெரிக்காவில் ஆன் ரோஜர்ஸும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டரை மணித்தியாலமும் அதற்கு மேலும் தொடர்ந்து கடமை செய்யும் தாதியரிடம் பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்காகக் கூடுவது தெரிந்தது. ஆகவே முழுநேர வேலைக்கு மேல் முழுநேரப் படிப்பை ஏற்றுவதை நானும் எதிர்க்கிறேன். பயிற்சியை மணித்தியாலத்தில் அளப்போம் என்பதே என் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி தாதியர் பயிற்சிக்குக் குறைந்தது 4,600 மணித்தியாலம் கேட்கிறது. மொத்த நேரமும் தரமும் குறையாவிட்டால் பகுதிநேரமாகவும் நடத்தலாம் என்று அதே விதி சொல்கிறது. 4,600 மணித்தியாலத்தை ஐந்து வருடத்துக்குப் பரப்பி, வருடத்துக்கு 46 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வருகிறது. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் வகுப்பும் வார்டும், மிகுதி நான்கு மணித்தியாலம் வழிகாட்டலுடன் வீட்டுப் படிப்பு. இறப்பர் மலையில் பால் வெட்டு மதியத்தோடு ஓய்வதால், அங்குள்ளவர்களுக்குப் பிற்பகல் வகுப்பும் பொருந்தும். இழக்கும் இரண்டு நாள் கூலி, 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படையில், வாரத்துக்கு 2,700 ரூபா. பயிற்சிக் கொடுப்பனவு கொடுப்பது அரசுக்குப் புதிதல்ல. இந்த இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு அதை அமைக்கவேண்டும், அவ்வளவுதான்.

தரம் இறங்கிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இறுதிப் பரீட்சையிலோ தாதியர் சபையின் பதிவிலோ ஒரு சலுகையும் வேண்டாம். நுழைவதற்கு முன் தமிழில் ஒரு வருட அடிப்படை விஞ்ஞான வகுப்பு வேண்டும். முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை நாட்டின் தேசிய தொழிற்தகைமையில் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் படியாகக் கொள்ளலாம். படித்துவிட்டு வெளிநாடு போய்விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். கிராமப்புறத்தில் சுகாதார ஊழியரைத் தக்கவைக்க வேண்டுமானால் கிராமப்புறத்தவரையே பயிற்சிக்கு எடுங்கள் என்று 2010இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வீடும் பிள்ளையின் பாடசாலையும் கஹவத்தையில் இருப்பவர் இங்கேயே நிற்கும் வாய்ப்பு அதிகம்.

"வயசு போயிட்டுது, இனி மகள் படிக்கட்டும்" என்ற பேச்சு தோட்டத்துக்குள்ளேயே உண்டு. அது அன்பில் பிறக்கும் பேச்சு, ஆனால் கணக்கில் பிழை. இருபத்தெட்டு வயதில் அடிப்படை வகுப்பில் சேர்பவர் முப்பத்துநாலில் தாதியாவார். அறுபதில் ஓய்வு என்றால் இருபத்தாறு வருடச் சேவை மிச்சமிருக்கிறது. மாதச் சம்பளம் வரும் வீட்டில் மகளின் படிப்பும் உறுதிப்படும். தாயை விட்டுவிட்டு மகளுக்காகக் காத்திருந்தால் இரண்டு தலைமுறையும் பின்தங்கும்.

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். இரத்தினபுரி தாதியர் பயிற்சிக் கல்லூரியில் ஐந்து வருடப் பகுதிநேரப் பிரிவு ஒன்றைச் சுகாதார அமைச்சு தொடங்கட்டும். கஹவத்தை ஆதார வைத்தியசாலையைச் செய்முறைப் பயிற்சி நிலையமாகச் சேர்க்கட்டும். பெல்மதுளை தாண்டி இரத்தினபுரிக்குப் போகும் பஸ் நேரமாவது அதில் மிஞ்சும். தாய்மாருக்கு வயதெல்லை தளரட்டும். பெருந்தோட்ட நிறுவனங்கள் பிள்ளைக் காம்பராவை வகுப்பு நாட்களில் கூடுதல் நேரம் திறக்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் நாட்கூலியோடு படிப்பு நாளையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். முதல் தொகுதியில் இருபது தாய்மார் சேர்ந்தாலே போதும். அந்த இருபது பேரும் பாராட்டு விழாவுக்கு உரிய வீராங்கனைகளாக இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிப் படித்துத் தேறிய சாதாரணத் தாதியராக வெளிவந்தால், இந்தத் திட்டம் வென்றது என்று பொருள்.