பிரஷ்ஷின் அடியில் ஒரு விலாசம்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரஷ் என்றதும் இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது, தெருவில் நீட்டிக் கட்டிய பாவுக்குக் கஞ்சி போட்டு நீவிவிடும் பெரிய பிரஷ். சலூன் கண்ணாடிக்குக் கீழே கிண்ணத்தில் நின்ற சவர பிரஷ்ஷை அப்படி யாரும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டப்பாவை அழுத்தினால் பீறிடும் நுரையும், டியூப் ஜெல்லும் வந்த பிறகு அது இருந்த இடம் காலியாகிவிட்டது. மயிர் உதிர்ந்ததும் குப்பைக்குப் போனது. அதை யார் செய்தார்கள், எந்த ஊரில் செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய சவர பிரஷ் கையில் கிடைத்தால் அவர்கள் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். லண்டனில் 1777இல் தொடங்கிய கென்ட், பாரிஸில் 1808இல் தொடங்கிய பிளிசான், இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஒமேகா, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்த மியூலே: இவை இன்றும் நடக்கிற பெயர்கள். இவற்றைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. மூடிப்போன பட்டறைகளும், எழுத்து பாதி அழிந்த கைப்பிடிகளும்தான் சேகரிப்பவரைத் தூங்கவிடாதவை.

ஊர் மாறிய பட்டறையின் தடத்தைப் பிடிப்பதற்குச் சிம்ப்சன் கதை நல்ல உதாரணம். அலெக்சாண்டர் சிம்ப்சன் 1919இல் லண்டனில் தொடங்கிய பட்டறை அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் பட்டறை அழிந்தது. தொழில் அங்கிருந்து கிளம்பி, சாமர்செட் பகுதியில் சார்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் நிம்மர் மில்லில் போய் உட்கார்ந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, ஐல் ஆஃப் மேன் தீவில் உள்ள இன்னொரு பிரஷ் கம்பெனியின் கைக்குப் போனது. அதனால் ஒரு சிம்ப்சன் பிரஷ் எந்தக் காலத்தது என்று சொல்ல, அதில் ஒட்டிய சீட்டும் அதிலுள்ள ஊர்ப்பெயரும் போதும். சாமர்செட் காலத்துப் பிரஷ்களுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த ஊரும் அடங்கிய திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரு கடை ரசீதின் தலைப்பில் ‘சித்தூர் ஜில்லா’ என்று அச்சாகியிருந்தால், அது எந்தப் பக்கத்துக் காலம் என்று இங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ் ஆராய்ச்சியின் பாதி இதே வேலைதான். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் தயாரிப்பு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்குப் பின்னர், 1990க்கு முன்னர். பிரிட்டிஷ் பிரஷ்ஷில் பதிவு வடிவமைப்பு எண் இருந்தால் இன்னும் நல்லது. அந்த வரிசை 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கியது, எண்ணை வைத்தே வருஷத்தை நெருங்கிவிடலாம்.

எழுத்தே இல்லாவிட்டால் கைப்பிடி பேசும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் ஓடும். 1920களின் கடைசியில் வந்த காட்டலின் பிளாஸ்டிக், வெள்ளையாகப் பிறந்து காலப்போக்கில் நெய் நிறத்துக்கு மாறுவது. அதன் மஞ்சள் மேல்தோலில் மட்டும்தான். லேசாகச் சுரண்டினால் அடியில் பழைய வெள்ளை எட்டிப்பார்க்கும். தந்தக் கைப்பிடி என்று தெரிந்தால் நம் நாட்டில் அதை விற்கவும் வாங்கவும் கூடாது. இந்தியத் தந்தத்துக்கு 1986இலும், ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991இலும் வனவிலங்குச் சட்டம் தடை போட்டுவிட்டது.

பிரஷ்ஷின் உயிர் குஞ்சம். பன்றி மயிர், வளைக்கரடி மயிர், குதிரை மயிர் என்று அதில் சாதிகள் உண்டு. அந்தக் காலத்தில் குஞ்சத்தைப் பிசின் வைத்துக் கைப்பிடியில் பதிப்பார்கள். வெந்நீர் பட்டுப் பட்டு பிசின் இளகி, மயிர் கன்னத்தோடு வந்துவிடும். அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தில் ஆண்ட்ரூ ஆல்பிரைட் அந்த மயிர்க்கால்களைக் கெட்டி ரப்பரில் இறுக்கிப் பிடிக்க வைத்தார். கம்பெனிக்கும் ‘ரப்பர்செட்’ என்றே பெயர். பழைய அமெரிக்க பிரஷ் தேடுகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் முத்திரைகளில் இதுவும் ஒன்று.

தயாரித்தவர் யார் என்ற கேள்வி ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் சிப்பாய் தினமும் சவரம் செய்தாக வேண்டும். லட்சக்கணக்கில் பிரஷ் தேவைப்பட்டது. வளைக்கரடி மயிர் வரும் வழி அடைபட்டதால், வெளிர் குதிரை மயிருக்குச் சாயமேற்றி வளைக்கரடி மயிர் போலவே செய்து விற்றார்கள். அந்த மயிரைச் சரியாகக் கிருமி நீக்கவில்லை. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமி அதோடு கூடவே வந்து, சவரக்கத்தி கீறிய இடத்தில் ஏறியது. 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாக 200க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி நோய் கண்டது. இந்த நோய்க்குப் பயந்து பிரிட்டன் 1920இல் ஜப்பான் பிரஷ் இறக்குமதியைத் தடை செய்தது. பழைய பிரஷ் மோகம் மறுபடி பரவுவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள், 2017இல் இந்தப் பழைய கதையை எடுத்து எழுதினார்கள். ஆபத்து மிகக் குறைவுதான், ஆனால் 1930க்கு முந்திய பிரஷ்ஷை முகத்தில் போட வேண்டாம் என்பதே நிதானமான வழி. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், குஞ்சத்தை மாற்றிக் கைப்பிடியைப் பயன்படுத்தலாம். உருப்படியான சேகரிப்பாளர் எவரும் செய்வது இதுதான்.

இவ்வளவு விவரம் லண்டனுக்கும் நியூவார்க்குக்கும் கிடைக்கிறது. நம் நாட்டுக்கு?

இந்தியப் பன்றி மயிர் உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு. கான்பூர் அந்த வியாபாரத்தின் பெரிய மையமாக இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட்டில் பிரஷ் கட்டுவது இன்றும் குடும்பத் தொழில். ஆனால் ஒரு தமிழ்நாட்டுச் சலூனில் இருபது வருஷம் நுரை போட்ட பிரஷ்ஷுக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்று எளிதில் கிடைப்பதில்லை. பழைய பொருள் தேடுகிறவர்களின் திருத்தலமாக இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பர்மா, மலாயா போய்வந்த செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பித்தளைக்கும் எனாமலுக்கும் இருக்கிற கிராக்கி அங்கேயும் சவரப் பெட்டிக்கு இல்லை. இது வருத்தப்பட வேண்டிய இழப்பு. தொழிலாளி தினம் கையில் பிடித்த சாமானுக்கு வரலாறு எழுதாமல் தொழிலுக்கு எப்படி வரலாறு எழுதுவது?

செலவில்லாமல் தொடங்கலாம். பொதட்டூர்பேட்டையிலும் திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் தகப்பன் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பிரஷ் இருக்கிறதா என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். கவிழ்த்து அடிப்பாகத்தை ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், குஞ்சம் கைப்பிடியில் இறங்கும் இடத்தை நெருக்கமாக ஒரு படம். பிறகு எந்த ஊர்ச் சந்தையில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் உரசித் துடைக்கக் கூடாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும், பள்ளம் விழுந்த எழுத்து நிழலில் தெரிந்துவிடும்.