பின்கட்டுக்கு வந்த விருந்தாளி

ஆலங்குடிப் பக்கத்தில் என் சித்தியின் வீடு இருக்கிறது. ஒரு புறம் கடலைக் கொல்லை, மறுபுறம் முந்திரித் தோப்பு. இரண்டு நாள் நிம்மதியாக இருந்து வரலாமே என்று போயிருந்தேன். முதல் நாள் இரவே நிம்மதி பறிபோயிற்று.

பின்கட்டு விளக்கடியில் ஒரு பல்லி பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓட்டுச் சரத்திலிருந்து, சாட்டைக் கயிறு போல மெல்லிய பாம்பு ஒன்று ஓசையின்றி இறங்கியது. அடுத்த கணம் பல்லி அதன் வாயில்! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

"ஐயோ, சுருட்டை! தடியை எடுடீ!" என்று சித்தி அலறினாள். கூடத்தில் பேரக் குழந்தை தூங்குகிறது. அவள் பயப்பட்டதில் தவறில்லை. தடியை எடுக்க விடாமல் தடுத்து, குழந்தையை முன்கட்டுக்குத் தூக்கிப் போய், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து லாகவமாகப் பிடித்துப் பார்த்து, "இது பூனைப்பாம்பு அம்மா. ஆளைக் கொல்லாது" என்றார்கள்.

பூனையின் கண் போலவே இதன் கண்ணிலும் பாப்பா நெட்டுக்குத்தாகக் கீறினாற்போல் இருக்கும். பகலெல்லாம் தூக்கம், இரவில் வேட்டை. பல்லி, ஓணான், சுண்டெலி, சிறு குருவி இவையே ஆகாரம். பல்லியை மயக்கும் அளவுக்குக் கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் விஷம் உண்டு. பாலும் முட்டையும் வைத்து உபசரித்தாலும் பாலை நாடி வராது. எந்தப் பாம்புக்குமே பால் ஆகாரமல்ல.

நேயர்களே, இந்தச் சாதுவுக்கு ஒரு பங்காளி உண்டு. அதன் கதையைக் கேட்டால் சாது என்று சொல்ல நா எழாது.

பசிபிக் மகா சமுத்திரத்தில் குவாம் என்று ஒரு தீவு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்குகூட இராது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, ராணுவச் சாமான்களோடு சாமானாக நியூகினிப் பக்கத்திலிருந்து பழுப்பு மரப்பாம்பு அங்கே வந்து இறங்கிற்று. நம் பூனைப்பாம்பின் இனந்தான். அந்தத் தீவுப் பறவைகளோ, மரமேறி முட்டை குடிக்கும் பாம்பைக் கண்டறியாதவை. கதவே இல்லாத வீட்டில் திருடன் புகுந்தது போலாயிற்று.

பறவைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நோயா, பூச்சி மருந்தா என்று பலரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜூலி சாவிட்ஜ் என்ற பெண் விஞ்ஞானி அவற்றையெல்லாம் ஆராய்ந்து தள்ளிவிட்டு, குற்றவாளி பாம்புதான் என்று 1987-ல் நிரூபித்தார். காட்டுப் பறவை இனங்கள் 12-ல் 10 அந்தத் தீவுக் காட்டில் இல்லாமலே போயின. பறவை போகவே, சிலந்திகள் பெருகிக் காடெங்கும் வலை பின்னிவிட்டன.

பறவை தீர்ந்ததும் பாம்பும் பட்டினியால் சாக வேண்டாமா? அங்கேதான் சூட்சுமம். குட்டிப் பருவத்தில் அது பல்லியைத் தின்றே வளர்கிறது. தீவிலோ பல்லிக்குப் பஞ்சமில்லை. பல்லி அன்றாடச் சோறு. பறவை விருந்துச் சாப்பாடு. விருந்து நின்றால் சோறு தின்று காலத்தை ஓட்டும். செத்த எலியையும் விடாது. அதை வைத்தே 2013-ல் அதற்குச் சூழ்ச்சி செய்தார்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் அதற்கு யமன். 80 மில்லிகிராம் மருந்தை வைத்து, சின்னஞ்சிறு காகிதக் குடை கட்டி, 2,000 செத்த சுண்டெலிகளை ஆகாயத்திலிருந்து காட்டின் மேல் போட்டார்கள்!

ஆனால் அது லேசில் தோற்கிற பிராணியல்ல. மிஞ்சிய பறவைகளின் கூட்டைக் காக்கக் கம்பத்தில் வழவழப்பான தகரக் குழாய் பொருத்தினார்கள். பாம்பு தன் உடலையே சுருக்குக் கயிறாக்கிக் குழாயை வளைத்து இறுக்கி மேலே ஏறிவிட்டது. 2021-ல் வெளியான செய்தி இது.

அங்கே அரக்கன், இங்கே அப்பாவி. ஏன் இந்த வித்தியாசம்? பசி இரண்டுக்கும் ஒன்றுதான். இங்கே கீரி, மயில், ஆந்தை எல்லாம் அதை அளவோடு வைத்திருக்கின்றன. நம் குருவிகளும் பாம்போடு பழகித் தப்பிக்கத் தெரிந்தவை. இடம் மாறியதுதான் விபரீதம், மாற்றியவன் மனிதன்.

அதற்காக எல்லாப் பாம்பையும் பூனைப்பாம்பு என்று எண்ணிவிடாதீர்கள்! சுருட்டை விரியனும் ஏறக்குறைய இதே நிறந்தான். அது ஆளைக் கொல்லும். அடையாளம் பார்க்கக் கிட்டே போகவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் அநேகர். விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்கும் அங்கே மருந்து உண்டு. இரவில் குழந்தைகளை வெறுந்தரையில் படுக்க விடாதீர்கள்.

மறுநாள் காலையில் சித்தி பின்கட்டு விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, சுவரோரம் ஒழித்துப் பெருக்கினாள். சாயங்காலம் விளக்கடியில் ஒரு பல்லி 'டிக் டிக்' என்றது.

"நல்ல சகுனமா சித்தி?" என்று கேட்டேன்.

"அதற்கு மேலே யாரும் இல்லையென்றால் நல்ல சகுனந்தான்" என்றாள், ஓட்டுச் சரத்தை அண்ணாந்து பார்த்தபடியே.