இருத்தலும் சென்று காண்டலும்

பிரிவைப் பாடுவதில் தமிழ்ப் புலவர்க்கு நிகரானவர் சிலரே. ஓதற் பிரிவு, தூதிற் பிரிவு, பொருள்வயிற் பிரிவு என்றெல்லாம் வகை வகுத்து, பாலை என்ற திணையையே அதற்கென ஒதுக்கிய இலக்கியம் நம்முடையது. ஆயினும், பிரிந்தவனை அவன் இருக்கும் இடத்துக்கே சென்று சில நாள் கண்டு மீளும் பெண்ணுக்கு அப்பெரும் பரப்பிலே இடம் வகுக்கப்படவில்லை. அவன் போவான், கார்காலத்தில் மீள்வான், இவள் இருப்பாள். இருத்தல் என்பது முல்லைக்கு உரிப்பொருளாகவே அமைந்துவிட்டது. உடன்போக்கிற் செல்பவளும் பெற்றோரை விட்டுக் காதலனோடு செல்கிறாளேயன்றி, பிரிந்தவனைக் காணச் செல்பவள் அல்லள். பெண்ணோடு கடல் கடத்தல் வழக்கமன்று என்னும் கருத்தினதாக ஒரு சூத்திரமும் தொல்காப்பியத்து அகத்திணையியலில் உண்டு. இளம்பூரணர் அதனைக் கடற்பயணம் என்றே கொள்வார். நச்சினார்க்கினியர் கண்ட பொருள் வேறு. அந்த வழக்கைப் பண்டிதர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

விதிவிலக்காக இருவரைச் சொல்லலாம். காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தி ஒருத்தி. காதலனைத் தேடிச் சென்றவளாக அகநானூற்றில் ஔவையார் குறிக்கும் வெள்ளிவீதி மற்றொருத்தி. வெள்ளிவீதியார் தம்மை ஆதிமந்திக்கே ஒப்பிட்டும் பாடியிருக்கிறார். இருவரும் பெருந்துயருக்கு உவமையாகவே நிற்கின்றனர். பெண்ணொருத்தி தன் துணைவனைக் காணச் செல்லுதல் இயல்பான காரியம் என்ற எண்ணம் அங்கே எழவில்லை.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயா றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் நாடிப் போன யாழ்ப்பாணத்தவர், லீவில் வந்து மணம் முடித்து மீண்டும் கப்பலேறினர். மனைவியை உடனழைத்துச் சென்றவர்களும் உண்டு. ஊரில் விட்டுச் சென்றவர்களும் உண்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்ட பின், 1945 வரை கணவனின் செய்தி எதுவும் அறியாது காலங்கழித்த பெண்களின் கதையை நம் வீடுகளிலே பாட்டிமார் சொல்லக் கேட்டவர் பலர். அன்று குறுக்கே நின்றவை கடலும் போரும். இன்றோ, கட்டுநாயக்காவில் விமானமேறினால் ஏறக்குறைய ஒரு நாட்பொழுதில் ரொறன்ரோவில் இறங்கலாம். குறுக்கே நிற்பது ஒரு விண்ணப்பப் படிவம்.

அப்படிவத்தின் நியாயத்தைச் சற்று ஆராய்வோம். பார்வையாளராகச் செல்ல விரும்பும் ஒருவர், அனுமதித்த காலம் முடிந்ததும் நாடு திரும்புவார் என்று அதிகாரி நம்பவேண்டும். இது எந்த நாட்டுக்கும் உள்ள விதி. அதிலே குறை காண்பதற்கில்லை. ஊரிலே உத்தியோகம் உண்டா, காணி உண்டா, வங்கியிலே பணம் உண்டா என்றெல்லாம் கேட்பதும் அதற்காகவே. ஆனால், கணவன் அங்கே இருக்கிறான் என்ற ஒன்று, அவள் காட்டும் மற்றெல்லாச் சான்றுகளையும் தராசில் மேலே தூக்கிவிடுகிறது. எந்த உறவின் பொருட்டு அவள் செல்ல விரும்புகிறாளோ அந்த உறவே அவளுக்கு எதிரான சாட்சியமாகிறது. பயண நோக்கத்தை விளக்கி அவள் எழுதும் கடிதத்தைப் பாருங்கள். போயே தீரவேண்டும் என்னும் அளவுக்கு அன்பிருப்பதாகவும், தங்கிவிடும் அளவுக்கு இல்லை என்பதாகவும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும். இதைக் காட்டிலும் கடினமான கட்டுரைப் பயிற்சியை நம் ஆசிரியர்கள் எந்த மாணவிக்கும் கொடுத்ததில்லை.

அன்பை நிரூபிக்கச் சொல்லும் சட்டங்களின் வரலாறும் மகிழ்ச்சி தருவதன்று. குடிபுகுதலே திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்லவென்று விண்ணப்பதாரரே மெய்ப்பிக்கவேண்டும் என்றொரு விதி பிரித்தானியாவில் இருந்தது. இல்லாத ஒன்றை இல்லையென்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? 1997-இலே அது நீக்கப்பட்டது. பின்னர் வருமானம் அளவுகோலாயிற்று. துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் உழைக்கவேண்டும் என்று 2012-இல் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அத்தொகை 29,000 ஆக உயர்ந்தது. கனடாவின் 2001-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இவ்வகையில் ஓரளவு நேர்மையானது. ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதனாலேயே தற்காலிகமாக வருவதைத் தடுக்கலாகாது என்று அச்சட்டம் சொல்கிறது. உரிய காலத்தில் திரும்புவார் என்று அதிகாரி திருப்தியடைந்தாற் போதும். அழைப்பு விண்ணப்பம் நிலுவையிலுள்ள துணைவர்களின் பார்வையாளர் விசாவை விரைந்து தீர்ப்பதாக 2023-இல் அந்நாட்டு அரசு அறிவிக்கவும் செய்தது. மனமிருந்தால் இவ்விடயத்தில் வழி காணமுடியும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

அவன் வரலாமே என்பார்கள். கனடாக் குடியுரிமை பெற்றவன் இணையத்தின் வழியே அனுமதி பெற்றுக்கொண்டு வந்திறங்கலாம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இன்னும் குடியுரிமை பெறாதவன் என்ன செய்வான்? 2012-இல் அங்கே செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின் பின், அத்தகையவன் பிறந்த நாட்டுக்கு மீண்டு சென்றால் நிரந்தர வதிவிட உரிமையையும் இழக்க நேரலாம். திருச்சியிலும் சென்னையிலும் விடுதி அறைகளிலே நம்மவர் திருமணங்கள் நடந்ததும், மணமக்கள் இரண்டு வாரம் வாழ்ந்து இரு திசையிற் பிரிந்ததும் இவ்வகை நெருக்கடிகளாலேதான். வளைகுடாவிலோ நிலைமை இன்னும் வெளிப்படையானது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹமோ, 3,000 திர்ஹமும் வீட்டு வசதியுமோ வேண்டும். கட்டடத் தொழிலாளி இதை எண்ணியும் பார்க்கமாட்டான். வீட்டுப் பணிப்பெண்ணாய்ப் போனவளைக் கணவன் சென்று காணலாம் என்ற எண்ணமே நம்மில் எவருக்கும் தோன்றியதில்லை.

அந்நிய அரசுகளை மட்டும் குற்றஞ் சாட்டி அமைவது எளிது. நம் வீட்டினுள்ளே என்ன நடக்கிறது? ‘இன்னும் ஒரு வருஷம் பொறு பிள்ளை, பேப்பர் வந்திடும், போறதெண்டால் ஒரேயடியாப் போ’ என்பதுதான் மாமியார் வாக்கு, பெற்ற தாயின் வாக்கும் பெரும்பாலும் அதுவே. காசு வீண் என்பது வெளியே சொல்லப்படும் காரணம். சொல்லப்படாதது வேறு. இரண்டு மாதம் கணவனோடு தங்கித் திரும்பியவளை ஊர் சும்மா விடுவதில்லை. ஏன் வந்தாள், அவன் அனுப்பிவிட்டானா, ஏதும் பிழையோ என்று கோயில் வீதியிலே கேள்விகள் முளைக்கும். திரும்பி வரமாட்டாள் என்று தூதரகம் ஐயுறுகிறது. திரும்பி வந்துவிட்டாளே என்று ஊர் ஐயுறுகிறது. இவ்விரு ஐயங்களுக்கும் நடுவில் அகப்பட்டவள், இருத்தலே உத்தமம் என்று இருந்துவிடுகிறாள். நாமும் அவளைப் பொறுமைசாலி என்று புகழ்கிறோம்.

சென்று காண்டல் உல்லாசப் பயணம் அன்று என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. பத்து நாள் லீவில் நடந்த கல்யாணம். அதன்பின் தொலைபேசித் திரையிலே தெரிந்த முகம். அந்த முகத்துக்குரியவன் எப்படி வாழ்கிறான் என்பதை ஸ்கார்பரோவின் ஒரு பேஸ்மென்ற் அறைக்குட் சென்று பார்த்தாலன்றி அறியமுடியாது. இரவு வேலை முடிந்து விடியற்புறம் வருபவன், அவள் பக்குவமாய்ச் சுமந்துபோன ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் கண்டு முகம் மலர்கிறானா, அப்படியே உறங்கிப்போகிறானா? எந்தச் சீட்டுக்கு எவ்வளவு கட்டுகிறான்? கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறான்? மீன் வாங்கக் கூட நடந்து போகையில் கையைப் பற்றிக்கொள்கிறானா? பனிக்காலத்து நாளொன்றை அந்த அறையிலே தனியே கழிக்கத் தன்னால் இயலுமா? இங்கே பாடசாலையில் நிரந்தர நியமனம் பெற்ற ஆசிரியை ஒருத்தி அதனைத் துறந்து புறப்படுமுன் இவற்றைக் கண்ணாற் காண விரும்பினால் அது பேராசையா? துறந்து சென்றபின் காண்பவளுக்கு, கண்டது பிடிக்காவிட்டாலும் மீளும் வழி குறுகிவிடுகிறது. பிடித்திருந்தாலோ, எஞ்சிய காத்திருப்பு அவளுக்குப் பாதியாகிவிடும்.

புலம்பெயர்ந்தோர் பற்றிய நம் கதைகளை எடுத்துப் பாருங்கள். காத்திருக்கும் மனைவி வருவாள். வராத கடிதமும், பின்னாளில் வராத அழைப்பும் வரும். விமான நிலையத்துக் கண்ணீர் வரும். அந்த இரண்டு மாதங்கள் மட்டும் நான் படித்தவற்றில் மிக அரிதாகவே வருகின்றன. அவன் வேலைக்குப் போன பின் அவள் அவனுடைய சட்டைகளை மடிக்கும் காலைப்பொழுதில் ஒரு நல்ல சிறுகதைக்குரிய பொருள் இருக்கிறது. பழைய முல்லையை இன்னும் எத்தனை காலத்துக்குப் படியெடுத்துக்கொண்டிருப்பது?

கல்யாணம் பேசும் பெரியோர் சீதனக் காசு, நகை, வீடு, இனாம் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கிறார்கள். பெண் ஒருமுறை போய்ப் பார்த்து வருவதற்கான விமானச் செலவையும் அந்தப் பேச்சிலே சேர்க்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு உடன்படட்டும். உடன்பட மறுப்பவர்களிடம் காரணம் கேட்கும் உரிமை பெண்ணைப் பெற்றவர்களுக்கு உண்டு.